கால் நீட்டும் கணக்கு

3.6 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? இரண்டு விரற்கடை இருக்கும். அந்த இரண்டு விரற்கடைக்காக என் தம்பி மூன்று நாள் சரியாகச் சோறு உண்ணவில்லை.

எங்கள் குடும்பம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்தில் குடியேறியது. அப்பாவுக்கு அங்கே தையற்கடை. தம்பிக்குக் காவலர் உத்தியோகத்தின்மேல் ஆசை. ஆந்திரக் காவல்துறை 2022-இல் வெளியிட்ட காவலர் தேர்வு அறிவிப்பில் ஆடவருக்குக் குறித்த உயரம் 167.6 செ.மீ. தம்பியோ 164. விடுமுறைக்குச் சென்றிருந்தபோது என்னிடம் கேட்டான்: "அண்ணா, கால உடைச்சு நீட்டுறாங்களாமே, நெஜமா? நீ சயின்ஸ் படிக்கிறியே, சொல்லு."

நான் பயில்வது இயற்பியல், மருத்துவம் அன்று. ஆயினும் கேட்டவன் தம்பி ஆயிற்றே! திருப்பதி திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நம் விடுதியிலும் சுவரோரம் நின்று அளந்து பார்ப்பவர்கள் உண்டு என்பதை நான் அறிவேன்.

முதலில் ஒன்று. நீண்ட எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. பருவம் முற்றியதும் அது எலும்பாக இறுகிவிடுகிறது. அதன் பிறகு எந்த மாவும் மாத்திரையும் ஒருவரை உயர்த்தா. அவற்றால் உயர்வது விற்பவரின் வருமானமே. எஞ்சும் வழி அறுவை ஒன்றுதான்.

அவ்வழிக்கு உறுதியான அடிப்படை இட்டவர் சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசரோவ். சைபீரியாவின் குர்கன் பகுதியில், போரில் கால் முறிந்தோருக்குச் சிகிச்சை செய்துவந்தவர். 1951-ஆம் ஆண்டளவில் உலோக வளையங்களைக் காலைச் சுற்றிப் பொருத்தி, மிதிவண்டி ஆரக்கம்பி போன்ற மெல்லிய கம்பிகளை எலும்பின் ஊடே செலுத்தி, இறுக்கிப் பிடிக்கும் கருவியை உருவாக்கினார். முறிந்த முனைகளை நெருக்கவே அக்கருவி. நோயாளி ஒருவர் திருகைத் தவறான பக்கம் திருப்பிவிட, முனைகள் விலகின இடைவெளியில் புதிய எலும்பு தோன்றியிருக்கக் கண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும் கண்ட உண்மை பெரிது. மெல்ல இழுத்தால் எலும்பு அறுந்து நிற்பதில்லை; வளர்ந்து ஈடு செய்கிறது.

எவ்வளவு மெல்ல? நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். அதையும் ஒரே தடவையில் அன்று, கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. விரைந்தால் இடைவெளி எலும்பாக நிரம்பாது; தாமதித்தால் முன்னமே இறுகிவிடும். இப்போது எலும்பின் உள்ளே வைத்து வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் தண்டுகளும் வந்துள்ளன. வளையங்களின் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் எலும்பு வளரும் வேகம் மாறவில்லை.

தம்பியின் கணக்கைப் போட்டேன். சரியாக 3.6 போதாது, 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எலும்பை வெட்டிய பின் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். நீட்டுவதற்கு 40 நாள். நீண்ட பகுதி கெட்டிப்பட அதைப்போல் இரு மடங்கு. ஆக நான்கு மாதத்துக்கு மேல். இரு காலிலும் கம்பி நுழைந்த துளைகளை நாள்தோறும் துடைத்துக் காக்க வேண்டும். சீழ் பிடிப்பது சாதாரணம். இவ்வளவும் எலும்பின் கணக்கு மட்டுமே. கெண்டைத் தசையும் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணும் எலும்பைப் போல் எளிதில் இணங்குவதில்லை. அவை இறுகினால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்க நேரும். உணர்வு நரம்பு இழுபட்டால் பாதம் மரத்துப்போகும். நடை திரும்ப மாதங்கள். ஓட்டம் திரும்ப அதனினும் நாளாகும். காவலர் தேர்விலோ 1600 மீட்டர் ஓட வேண்டும்!

இனி, நீட்டிய கால் உடலோடு பொருந்துமா என்பது. இதற்கு நம் சிற்பிகளைக் கேட்கலாம். திருப்பதியிலேயே தேவஸ்தானத்தின் சிற்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நவதாள அளவில் உருவத்தின் உயரம் 108 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அடிக்கோலின் அங்குலம் அன்று. அந்த உருவத்தையே பகுத்த பங்கு. முகம் 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. தம்பியின் 164 செ.மீ.யைப் 108 பங்காக்கினால் ஒரு பங்கு ஏறத்தாழ 1.5 செ.மீ. முழங்காலுக்குக் கீழே 4 செ.மீ. கூட்டினால் கணைக்கால் 24 பங்கிலிருந்து 26-ஐத் தாண்டும். தொடையோ 24-இலேயே நிற்கும். கைகள் ஒரு நூலும் நீளா. எலும்புக் கணக்கில் பார்த்தாலும் கணைக்கால் எலும்பு தொடை எலும்பில் ஐந்தில் நான்கு பங்கு அளவே, 4 செ.மீ. கூடினால் அது பத்தில் ஒன்பதை எட்டிவிடும். தொடையில் நீட்டலாமே என்பீர்கள். நீட்டுகிறார்கள். ஆனால் அங்கே தசை பெரிது, முழங்கால் மடங்குவதில் சிக்கல். எங்கே நீட்டுவது என்பதும் ஒரு விலை பேசுதலே.

2016-இல் ஐதராபாத்தில் ஓர் இளம் பொறியாளர் பெற்றோர் அறியாமல் தனியார் மருத்துவமனையில் இவ்வறுவையைச் செய்துகொண்டார். அவர் உயரம் ஐந்தடி ஏழங்குலம். இந்திய ஆடவரின் சராசரியைவிடக் கூடுதல்! பெற்றோர் போராட, செய்தி நாடெங்கும் பரவியது. தெலங்கானா மருத்துவக் கழகம் அறுவை செய்த மருத்துவரை இரண்டாண்டு இடைநீக்கியது.

இவ்வறுவையே தீது என்று நான் சொல்ல வரவில்லை. இளம்பிள்ளை வாதத்தாலோ விபத்தாலோ ஒரு கால் குட்டையானவருக்கு இது பெரும் வரம். நம் ஊரின் பர்ட் மருத்துவமனை அத்தகைய ஊனமுற்றோருக்காகவே எழுந்தது. அங்கே கேட்கப்படுவது மற்றொரு காலுக்குச் சமமாக நிற்கும் நிலை. தம்பிக்கு வேண்டியதோ சுவரில் கிழித்த கோட்டை எட்டுவது. எனக்கு அந்தக் கோட்டின்மேல்தான் கோபம்.

அடுத்த விடுமுறையில் இவற்றை எல்லாம் சொன்னேன். துணி வெட்டிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே, "மொழங்காலுக்குக் கீழ மட்டும் கூட்டிக்கிட்டு வந்தா, பேண்ட்டுக்கு மொழங்கால் குறிய நான் எங்கடா வைப்பேன்?" என்றார். தம்பி சிரித்துவிட்டான். காலையில் எழுந்தவுடன் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் விரிந்திருப்பதால் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கும் என்றும் அவனிடம் சொல்லிவைத்தேன். மறுநாள் விடியுமுன் அப்பாவின் நாடாவோடு என்னை எழுப்பினான். அளந்தேன். 164.9.