கல்வராயன் ஏற்றத்துக்கு முன்பக்க லாக்கர்

மழைக்குப் பின் கல்வராயன் மலை மண்தடத்தில் ஏறும் 4x4 பிக்கப்பின் ஒரு முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தூக்கிக்கொண்டால், அது மட்டும் வீணாகச் சுழலும். தரையில் பதிந்த மற்ற முன்சக்கரம் சும்மா நிற்கும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கரைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும்.

டொயோட்டா ஹைலக்ஸில் பின்பக்க லாக் கம்பெனியிலேயே வருகிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் உண்டு. தியாகதுருகம் பக்கத்து விவசாயிக்குப் பெரும்பாலும் பின்பக்கமே போதும். நல்ல டயருக்குச் செலவழித்த பிறகு முன்பக்கத்தை யோசிக்கலாம்.

முன்பக்கம் லாக் ஆனதும் ஸ்டீயரிங் கனத்துவிடும். அந்த நிலையில் முழுக்கத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்சக்கர அச்சின் சி.வி. ஜாயின்ட் உடையலாம். எனவே சுவிட்சில் போட்டு எடுக்கும் காற்றழுத்த அல்லது மின் லாக்கரே நல்லது. சேலம் நெடுஞ்சாலையைத் தொடுவதற்கு முன்பே லாக்கை எடுத்துவிட வேண்டும்.

வாரன்டி, இன்சூரன்ஸ் நிபந்தனைகளை, லாக்கர் பொருத்த அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளவும்.