பெருக்குவதா, வகுப்பதா?



1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனிலுள்ள செர்னோபில் அணுமின் நிலையத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. அங்கிருந்து காற்றில் பரவிய கதிரியக்கப் பொருள்களுள் ஒன்று அயோடின்-131. அது புல்லில் படிந்து, பசும்பால் வழியே குழந்தைகளின் உடலுக்குள் சென்று, தைராய்டுச் சுரப்பியில் சேர்ந்தது. பின்னாளில் அவர்களுள் பலருக்கு அச்சுரப்பியில் புற்றுநோய் கண்டது.

இதன் அரை ஆயுட்காலம் சுமார் 8 நாள். ஒரு குப்பிப் பாலில் இப்போது நொடிக்கு 1,000 அணுக்கள், அதாவது நாளுக்கு 8.64 கோடி என்ற வேகத்தில், சிதைகின்றன என்று கொள்வோம். குப்பியை மூடி வைத்துவிட்டால், மொத்தம் எத்தனை அணுக்கள் சிதையும்?

வேகம் குறைந்துகொண்டே போவதால் வெறும் பெருக்கல் போதாது, தொகையிடல் வேண்டும்.

2.718... என்ற எண்ணை 'ஈ' என்றும், காலத்தைக் 'க' என்றும் குறிப்போம். ஈ-யின் அடுக்கு 3க என்ற சார்பை வகையிட்டால், அதே சார்பு 3 மடங்காகக் கிடைக்கும். தொகையிடல் இதன் எதிர்வினை அல்லவா? ஆகவே அங்கே 3 ஆல் வகுக்க வேண்டும்; ஒரு மாறிலியையும் கூட்ட வேண்டும். விடையை வகையிட்டுப் பாருங்கள்: 3-உம் மூன்றில் ஒன்றும் பெருகி 1 ஆகிவிடும். முன்னே நிற்கும் குணகம் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும்.

நம் கணக்கில் அடுக்கிலுள்ள கெழு எதிர்க்குறி உடையது. அதன் அளவு 0.693 ÷ 8 = 0.0866. தொடக்கம் முதல் முடிவிலி வரை தொகையிட்டால், மேல் எல்லையில் மதிப்பு பூச்சியம். கீழ் எல்லையிலுள்ள எதிர்க்குறி கழித்தலில் நேர்க்குறியாகிறது. மொத்தம் = 8.64 கோடி ÷ 0.0866. ஏறத்தாழ 100 கோடி! குப்பியில் முதலில் இருந்த அயோடின்-131 அணுக்களின் எண்ணிக்கையும் இதுவே.

மறதியால் வகுப்பதற்குப் பதில் பெருக்கினால்? 75 லட்சம்தான் வரும். முதல் நாளில் மட்டுமே 8 கோடிக்கு மேல் சிதையும்போது, மொத்தம் 75 லட்சம் ஆகுமா? ஆபத்தை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்துக் காட்டிவிடும் பிழை இது!

நீங்களே செய்து பாருங்கள்: முதல் 8 நாளில் எத்தனை அணுக்கள் சிதையும்? தொகையிட்டு 50 கோடி வந்தால், உங்கள் வழி சரி.