முந்நூறு மல்லிகைக்கு மேல்

அக்கா மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். தீபாவளிக்கு ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்தாள்: தேக்கா பூக்கடை வாசலில் மல்லிகை கொட்டும், கூடையில் பிடிக்க வேண்டும். பூ பெருகப் பெருக ஆட்டம் தவழ்ந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் புதுப் பூ விழவே இல்லை. “மாமா, லேப்டாப் பழசாயிடுச்சு!” அக்கா புது லேப்டாப்புக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

சிங்கப்பூரில் 2020 முதல் உயர் தொடக்கநிலை மாணவர் அனைவருக்கும் ‘கோட் ஃபார் ஃபன்’ நிரலாக்க வகுப்பு உண்டு. அதனால் இந்தப் பேச்சு பல வீடுகளில் எழும் என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை: விலை உயர்ந்த கணினி வாங்கினால் பூ கூடும்.

உண்மை: கூடாது. ஸ்கிராட்ச் ஒரு புராஜெக்டில் 300 குளோன்களுக்கு (ஓர் உருவத்தின் நகல்களுக்கு) மேல் அனுமதிப்பதில்லை. 301ஆவதைக் கேட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். எந்தக் கணினியிலும் இதே கணக்குதான்.

நம்பிக்கை: அசையும் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ப்ரைட் (உருவம்) வேண்டும்.

இந்த நம்பிக்கைதான் பிள்ளைகளை அதிகம் சிக்கவைக்கிறது. ஒவ்வொரு குளோனும் தன் கட்டளைத் தொடரைத் தனியாக ஓட்டுகிறது. முந்நூறு பூ என்றால் முந்நூறு தொடர். உண்மையில் ஒரே ஒரு பூ போதும். எல்லாப் பூக்களின் இடத்தையும் இரண்டு லிஸ்டில் வையுங்கள், குறுக்குக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. திரையை அழித்துவிட்டு, அந்த ஒற்றைப் பூவை ஒவ்வோர் இடத்துக்கும் நகர்த்தி ‘ஸ்டாம்ப்’ குத்தச் சொல்லுங்கள். இந்த வேலையை நாமே செய்த பிளாக்குக்குள் வைத்து, ‘திரையைப் புதுப்பிக்காமல் ஓட்டு’ என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் பூக்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். பெரிய விளையாட்டுகளிலும் இதற்கு உறவான முறைதான்: உருவங்களை ஒரே படத்தாளில் அடுக்கி, கிராபிக்ஸ் சிப்புக்கு மொத்தமாக ஒரே கட்டளை தருவார்கள்.

உருவம் கூடினால் வேகம் குறைவது இந்தக் காலத்து நோயும் அல்ல. 1978இல் ஜப்பானின் டொமொஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தபோது 55 வேற்றுக்கிரகவாசிகளை வரைந்து நகர்த்த அன்றைய சிப் திணறியது. சுடச்சுட எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியவை விரைந்தன. ஆட்டம் சூடுபிடித்ததைப் பார்த்து அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். அந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

நம்பிக்கை: வரைவதுதான் எப்போதும் பாரம்.

அதே பழைய லேப்டாப்பில் இப்போது 500 பூ கொட்டுகிறது. பூக்கள் ஒன்றோடொன்று மோதி விலக வேண்டும் என்பது அக்கா மகளின் அடுத்த ஆசை. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஒரு சுற்றுக்கு 124,750 சோதனை. வரைவதைவிட அதுவே இழுக்கும். 480க்கு 360 அளவுள்ள மேடையை நாற்பது நாற்பதாகக் கட்டம் பிரித்தால் 108 கட்டம். தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் ஒவ்வொரு பூவும் பார்த்தால் போதும். பூக்கள் பரவலாக இருந்தால் சோதனை ஏறத்தாழப் பத்தாயிரமாகச் சுருங்கும். கணக்கு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.