கை மாறவில்லை, எண்ணெய் மாறிவிட்டது

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. ஞாயிறு இரவு பெங்களூரிலிருந்து பாலக்கோடு திரும்பும் ரயிலில் நீ பேசியபோது குரலே சரியில்லை. டென்பின் பவுலிங்கில் முதல் கேம் 171, மூன்றாவது 118. "கையே போச்சு மாமா" என்றாய். போனில் விளக்க வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது லேன்.

பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி, குறுக்கே 39 பலகை. அதன்மேல் இயந்திரம் பூசும் எண்ணெய் பெரும்பாலும் 40 அடியோடு நின்றுவிடும். வழக்கமான லேன்களில் நடுவில் தாராளமாக இருக்கும், ஓரங்களில் மெல்லிசாக. எண்ணெயில் பந்து வழுக்கும். காய்ந்த இடம் வந்ததும் பிடித்துத் திரும்பும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்த எண்ணெய் இருந்த இடத்தில் இருப்பதும் இல்லை. எல்லோரும் லேனில் குறித்திருக்கும் இரண்டாவது அம்பின் மேலேயே உருட்ட, அந்தத் தடத்து எண்ணெயைப் பந்துகள் உறிஞ்சிக்கொண்டே போகும். காலையில் முதல் பின்னுக்குப் பக்கத்து இடைவெளியான பாக்கெட்டில் அழகாக நுழைந்த அதே பந்து, பிறகு முன்கூட்டியே திரும்பி முதல் பின்னை நேருக்கு நேர் மோதும். மிஞ்சுவது ஸ்பிளிட், இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும் பின்கள். நீ சொன்னதும் இதுதானே?

அப்போது நீ மணிக்கட்டை இறுக்கினாய், வேகத்தைக் கூட்டினாய். சென்னையில் பழகியபோது நானும் இரண்டு வருடம் இப்படியே வீணாக்கினேன். கையை அதன் போக்கில் விடு, காலை நகர்த்து. வலக்கைக்காரனான உனக்குப் பந்து இடப்பக்கம் தப்பினால், நீயும் இடப்பக்கம் 2 பலகை தள்ளி நில். குறியையும் 1 பலகை அதே பக்கம் மாற்று. எண்ணெய் மிச்சமிருக்கும் வழியில் பந்து போகும். வலப்பக்கம் தப்பினால் வலப்பக்கம் நகர். தப்பிய திசைக்கே போவதா என்று முதலில் மனம் ஒப்பாது. செய்து பார்.

ஒகேனக்கல்லில் பரிசல்காரரைப் பார்த்திருக்கிறாய். தண்ணீர் ஏறினால் ஒரு வழி, வற்றினால் வேறு வழி. நேற்று போன பாறை இடுக்கில்தான் இன்றும் போவேன் என்று அவர் துடுப்போடு மல்லுக்கு நிற்பதில்லை.

புது இடத்துக்குப் போனால் எண்ணெய் எத்தனை அடி என்று கேள். அதில் 31ஐக் கழி. 40 அடி என்றால் 9. வலது ஓரத்திலிருந்து எண்ணி 9ஆவது பலகையை ஒட்டிப் பந்து திரும்ப வேண்டும். தொடங்குவதற்கு இந்தக் கணக்கு போதும், மற்றதைப் பந்தே சொல்லும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் பந்தைத் துண்டால் துடை. தனியாக மிஞ்சும் பின்னுக்கு பிளாஸ்டிக் பந்தை நேராக உருட்டு. அதை எண்ணெய் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

நம் தமிழ்நாட்டு ஷபீர் தன்கோட் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அந்த அளவிலான போட்டிகளில் நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் வித்தியாசம் குறைவு. 2 பலகை தப்பினாலே பின்கள் நின்றுவிடும். அங்கே போக ஆசைப்படுகிறாய் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்ன நோட்டு கொண்டு போ. எந்தப் பலகையில் நின்றாய், எதைக் குறி வைத்தாய், பந்து எங்கே திரும்பியது என்று மூன்று கேமுக்கும் எழுதி எனக்கு அனுப்பு. ஸ்கோர் வேண்டாம்.

அன்புடன்,
மாமா