குழந்தைக்குப் பிளேட்லெட் குறைஞ்சிருக்கா? ஆன்டிபாடி டெஸ்டுக்கு ஓடும் முன் இதைப் படிங்க!

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தறியில் அப்பா, தார் சுற்றிக்கொண்டு அம்மா. நாலு வயசுப் பிள்ளையின் காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். மறுநாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். பரிசோதித்தால் பிளேட்லெட் 18,000 என்று வருகிறது. இருக்க வேண்டியதோ 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. "உடனே பிளேட்லெட் ஆன்டிபாடி டெஸ்ட் எடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். எடுக்கணுமா?

ஆன்டிபாடி என்றால் என்ன?

கிருமியை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் சளி, காய்ச்சல் வந்து போன சில வாரங்களில், இது தவறுதலாகச் சொந்தப் பிளேட்லெட்டையே தாக்கும். இதுதான் ஐடிபி. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன் ஒரு ஐடிபி நோயாளியின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட்டும் சரிந்தது. 1951-ல் வெளியான அந்த ஆய்வு, காரணம் ரத்தத்திலேயே இருப்பதைக் காட்டியது.

அப்போ டெஸ்ட் எடுத்தால் தெரிஞ்சிடுமே?

அப்படி இல்லை. ஐடிபி உள்ள பலருக்கு இந்த டெஸ்டில் ஆன்டிபாடி தென்படாது. வேறு நோய் உள்ள சிலருக்கோ தென்படும். அதனால்தான் ஐடிபியை உறுதிசெய்ய வழக்கமாக இந்த டெஸ்டை எடுப்பதில்லை. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமல்ல.

முதலில் எடுக்க வேண்டியவை

• முழு ரத்த அணு எண்ணிக்கை. குறைவாக வந்தால், மைக்ராஸ்கோப்பில் ரத்தப் பூச்சு பார்க்கச் சொல்வார்கள். குழாயில் பிளேட்லெட் கட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும். புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்பதற்கும் இதில் துப்பு கிடைக்கும்.

• மருத்துவர் பிள்ளையின் கல்லீரல், மண்ணீரல், நெறிகட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார்.

• காய்ச்சல் இருந்தால் டெங்கு பரிசோதனை. முதல் 5 நாட்களுக்குள் என்எஸ்1, அதன் பிறகு ஐஜிஎம் எலைசா. ஐஜிஎம்மும் ஆன்டிபாடி டெஸ்டுதான். ஆனால் அது டெங்குவுக்கானது. பிளேட்லெட் ஆன்டிபாடி டெஸ்ட் வேறு. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

சிகிச்சை?

எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. ரத்தக்கசிவு எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஐடிபியில் தோலில் புள்ளிகள் மட்டும் இருந்தால், பல நேரம் மருந்தே இல்லாமல் கண்காணிப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். "பிளேட்லெட் ஏத்துங்க" என்று வற்புறுத்த வேண்டாம். ஏற்றும் பிளேட்லெட்டையும் அதே ஆன்டிபாடி அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான கசிவுக்குத்தான் அது தேவைப்படும்.

வீட்டில் கவனிக்க

ஆஸ்பிரின், இபுபுரூஃபென் கொடுக்காதீங்க. தசையில் ஊசி போடும் முன் பிளேட்லெட் குறைவு என்று சொல்லுங்க. தறிக்குழி, படிக்கட்டு பக்கம் விளையாட விடாதீங்க.

உடனே 108-ஐ அழைக்க

தலையில் அடி, கடும் தலைவலி, ஓயாத வாந்தி, மயக்கம், நிற்காத மூக்கு ரத்தம், கறுப்பு மலம். இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீங்க.

சந்தேகம் கேட்க 104. அரசு மருத்துவமனையில் முதல் கட்டப் பரிசோதனைகளைத் தொடங்கலாம். அனுமதித்துச் சிகிச்சை பெற நேர்ந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்திலோ 1800 425 3993 என்ற எண்ணிலோ கேளுங்கள். பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லாம் தேதியோடு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவருக்கு அது பெரிய உதவி.