விரைக் கட்டி: யாருடைய தவறும் அன்று

விரையில் புற்றுக்கட்டி கண்டறியப்பட்ட இளைஞரின் பெற்றோர், "நாங்கள் எதில் தவறினோம், டாக்டர்?" என்று கேட்பதுண்டு. அதற்கான விடை கருப்பையில் தொடங்குகிறது.

கரு உருவான சில வாரங்களிலேயே, பின்னாளில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ மாறவேண்டிய ஆதி இனச்செல்கள் தனியே பிரிகின்றன. எத்திசுவாகவும் மாறவல்ல ஆற்றலின் சாயல் அவற்றில் எஞ்சியிருக்கும். அதை உரிய காலத்தில் அடக்கவேண்டும். இப்பணியில் ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. டி.என்.ஏ.வை மூலநூல் எனக் கொண்டால், அதிலிருந்து எடுக்கப்படும் படியே தூது ஆர்.என்.ஏ. எந்தப் படி நிலைக்கவேண்டும், எது அழியவேண்டும் என்பதை இப்புரதங்கள் நெறிப்படுத்துகின்றன.

இந்நெறி பிறழ்ந்தால் நேர்வதைச் சுண்டெலிகள் காட்டின. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1950களில் லீராய் ஸ்டீவன்ஸ், '129' என்னும் சுண்டெலி வகையின் ஆண்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்கு, நரம்பும் தசையும் குருத்தெலும்பும் கலந்த விரைக் கட்டி இருக்கக் கண்டார். பின்னர் அவ்வகையில் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஆண்களில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குக் கட்டி வந்தது. 'டெட் எண்ட்' என்னும் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதத்தின் குறைபாடே காரணம் என்பது 2005இல் தெரிந்தது. அப்புரதமின்றி இனச்செல்கள் பல மடிந்தன. எஞ்சியவற்றுள் சில, பிரிவதை நிறுத்தாமல் கட்டியாயின. அதே மாற்றம் வேறு சில சுண்டெலி வகைகளில் மலட்டுத்தன்மையை மட்டுமே தந்தது.

மனிதரில் இம்மரபணுவின் மாற்றம் மிக அரிது. அதற்கெனப் பரிசோதனை செய்யவேண்டியதில்லை. ஆயினும் இளைஞருக்கு வரும் இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை, பிறப்பதற்கு முன்பே முதிராமல் தங்கிவிட்ட இனச்செல்லிலிருந்து தோன்றுகின்றன என்பதே இன்று ஏற்கப்பட்ட கருத்து. சுயஇன்பம் இதற்குக் காரணம் அன்று. பெற்றோரின் வளர்ப்பும் காரணம் அன்று.

நம் கையில் இருப்பது காலம் தாழ்த்தாமையே. வலியற்ற கட்டி, வீக்கம், கனம் ஆகியவற்றை உணர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வழிகாட்டும். ஆண் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விரை இறங்கவில்லையெனில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரை அணுகுங்கள். இறங்காத விரையில் இந்நோய்க்கான வாய்ப்பு அதிகம். சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் குணமடைகின்றனர். சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறைநிலையில் சேமிப்பது பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

வெட்கத்தால் மறைக்கும் மாதங்களில் கட்டி வளர்கிறது. மகனிடம் இதைப் பேசத் தந்தை தயங்கினால், இவ்விதழை அவன் கையில் கொடுத்தாலே போதும்.