பம்புசெட்டுக் கொட்டகையில் மின்சார அபாயமும் அதைத் தடுக்கும் வழிகளும்

திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்குத் தெற்கே அமைந்துள்ளது கொடும்பாளூர். இருக்குவேளிரின் தலைநகராக விளங்கிய இவ்வூரில் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் இன்றும் நிற்கின்றன. இவ்வூர்க் குளக்கரையில் மதுரை வழி மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. குளத்து நீரை நம்பிப் பயிரிட்ட அந்நிலத்திற் பிற்காலத்தில் கிணறுகள் பெருகின. கிணற்று நீரை ஏற்றமும் கவலையும் இறைத்தன. சென்னை மாகாணத்தில் 1932-ஆம் வருஷம் பைகாராவிலும், 1937-ஆம் வருஷம் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் தொடங்கிய பின்னர் மின்சாரம் சிறிது சிறிதாகக் கிராமங்களை நாடிச் சென்றது. இன்று கிணற்றடியில் மாட்டின் காலடிக்குப் பதிலாக மோட்டாரின் இரைச்சலே கேட்கிறது.

மாடு முரண்டினால் முன்னதாகவே கண்ணுக்குத் தெரியும். மின்சாரமோ தோன்றாத் துணையாக வேலை செய்வது போலவே தோன்றாப் பகையாகவும் நிற்கும். ஆலைத் தொழிலாளிக்குத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் உண்டு. எச்சரிக்கைப் பலகை உண்டு. குடியானவனுக்கோ மோட்டார்க் கொட்டகையே தொழிற்சாலை. அங்கு முதலாளியும், தொழிலாளியும், மேற்பார்வையாளரும் அவன் ஒருவனே. ஆகையால் அவன் அறிந்திருக்க வேண்டுவனவற்றை இங்கே ஒழுங்காக எடுத்துரைப்பது பயனுடையதாகும்.

மின்சாரம் உடலைத் தாக்கும் விதம்

வீட்டு விளக்கிற்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. பம்புசெட்டுக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் ஒரு முனைக்கும் மற்றொரு முனைக்கும் இடையே ஏறக்குறைய 400 வோல்ட்டும், எந்த முனைக்கும் பூமிக்கும் இடையே 230 வோல்ட்டும் உள்ளன. ஆளைக் கொல்வது அவ்வழுத்தத்தினால் உடலினுள் ஓடும் மின்னோட்டமே. ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மில்லி ஆம்பியர் என்று பெயர். 1 மில்லி ஆம்பியர் ஓடினால் இலேசான சுரீர் என்ற உணர்ச்சி உண்டாகும். 10 முதல் 20 வரை ஓடினால் கைத்தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட இயலாது. அதற்கு மேற்பட்டால் மூச்சு முட்டும். 100 அளவிற் சில நொடிகள் ஓடினால் இருதயம் தாளந்தப்பித் துடித்து நின்றுவிடக்கூடும்.

ஒரு சாதாரண 40 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளுகிறது. அதாவது, ஒரு சிறு பல்பை எரிக்கும் மின்சாரம் ஒரு மனிதனின் உயிரைப் போக்குவதற்குப் போதுமானதற்கும் அதிகம். "மோட்டாருக்கு வருவதுதான் பெரிய கரண்டு, விளக்குக் கரண்டு ஒன்றும் செய்யாது" என்று எண்ணுவது பெரும் பிழை.

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிற்கும். ஈரமான தோலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. நனைந்த கையோடும், சேற்றில் ஊன்றிய வெறுங்காலோடும் நிற்பவனுடைய உடலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் அளவிற்கு இறங்கிவிடக்கூடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர் ஆகிறது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கையில் மடை திருப்பிய கையோடு ஓடி வந்து சுவிட்சைத் தொடுபவன் இருக்கும் நிலை இதுவே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அபாயம் மிகுவதற்கும் இதுவே காரணம்.

எர்த்தும், பாறைப் பூமியும்

மோட்டாரின் உள்ளே சுற்றியுள்ள கம்பியின் மேற்பூச்சு நாளடைவில் சூட்டினாலும் ஈரத்தினாலும் பழுதுபடும். அப்போது மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடலில் ஏறிவிடும். அங்கிருந்து குழாய்க்கும் பரவும். மோட்டார் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்குமாகையால் ஒருவருக்கும் சந்தேகம் எழாது. தொட்டியில் துணி துவைக்க வந்த பெண்ணோ, குழாயடியிற் குளிக்க வந்த குழந்தையோ இரும்பைத் தொட்ட பிறகே செய்தி வெளிப்படும்.

இதைத் தடுப்பதற்கே எர்த்துக் கம்பி ஏற்பட்டது. உடலில் ஏறும் மின்சாரத்தை அது பூமிக்குள் இறக்கிவிடும். மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த்து இணைப்புகள் இருக்கவேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டது. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே அதன் கருத்து. எர்த்துக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள நாகப்பூச்சிட்ட இரும்புக் குழாயைக் கட்டடத்தினின்று 1.5 மீட்டராவது தள்ளிக் குழியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூடுவது வழக்கம்.

கொடும்பாளூர் போன்ற பாறைப்பாங்கான பூமியில் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஈரமான வண்டல் மண் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும். காய்ந்த சரளையும் பாறையும் வாங்கா. எர்த்துக் குழாயின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியே ஓடக்கூடியது 11½ ஆம்பியரே. மோட்டார் புறப்படும் வேகத்தைத் தாங்குமாறு போட்ட ப்யூஸ் இந்த அளவிற்கு எரிந்து அறாது. ஆகையால் எர்த்துக் கம்பி கண்ணுக்குத் தெரியும்படி இருந்தும், மோட்டாரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். "எர்த்துப் போட்டாயிற்று" என்ற நம்பிக்கையே இங்கு ஆபத்தாக முடியும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, எர்த்துக் குழியை இயன்றவரை வாய்க்காலோரத்து ஈர மண்ணில் அமைத்து, கோடையில் அதற்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றி வருதல். இரண்டாவது, அடுத்துக் கூறும் கசிவுக் காப்புச் சாதனம். நியூட்ரல் கம்பியையே மோட்டாரின் உடலிற் கட்டிவிட்டு அதை எர்த்து என்று கொள்வது கூடவே கூடாது. வழியில் எங்கேனும் அந்தக் கம்பி அறுந்தால் மோட்டாரின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும்.

கசிவுக் காப்புச் சாதனம்

வயர்மேன்கள் ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் சிறு பெட்டி இது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாமற் பார்த்துக்கொண்டிருக்கும். வாய்க்காலின் தலைமடையில் விட்ட நீர் கடைமடைக்குக் குறைந்து வந்தால் நடுவில் உடைப்பு இருக்கிறதென்று நீர்பாய்ச்சுபவன் அறிவதைப் போன்றது இது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள சாதனம், அவ்வளவு மின்சாரம் கசிந்த மாத்திரத்தில் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கிற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு மிகுந்தால் இன்னும் விரைவாகத் துண்டிக்கும். எர்த்துத் தடை 20 ஓம் ஆயினும், 200 ஓமே ஆயினும், இது வேலை செய்யத் தவறாது. பாறைப் பூமிக்கு இதனினும் சிறந்த காவல் வேறில்லை.

மழைக்காலத்தில் இச்சாதனம் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேர்க் கம்பி கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது, நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும். சாதனம் விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறதென்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சீர்செய்யவேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நலம். ஒருவன் ஒரு கையால் ஒரு முனையையும் மறு கையால் மற்றொரு முனையையும் பற்றினால் இச்சாதனம் காக்காது என்பதையும் மறத்தலாகாது. ஆகையால் மெயினை நிறுத்தாமல் எந்தக் கம்பியையும் தொடலாகாது.

விட்டொழிக்க வேண்டிய பழக்கங்கள்

1. ஸ்டார்ட்டரை "ஆட்டோ"வில் விட்டுவிட்டு மோட்டாரில் கை வைத்தல். மும்முனை மின்சாரம் நின்று வரும் வேளைகளில், கரண்டு வந்தவுடன் மோட்டார் தானே ஓட வேண்டுமென்று இவ்வாறு விடுகிறார்கள். கரண்டு இல்லையென்று நம்பி ஒருவன் பெல்ட்டையோ கம்பியையோ பிடித்திருக்கும்போது அது வந்துவிடும். மெயினை இறக்கி, ப்யூஸ் கட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

2. கப்பாசிட்டரை அலட்சியம் செய்தல். இருமுனையில் மோட்டாரை ஓட்டுவதற்காகக் கட்டும் கப்பாசிட்டர், மெயினை நிறுத்திய பின்னும் மின்சாரத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும். மெயின் இறக்கியாயிற்று என்று அதன் முனையைத் தொடுபவன் தூக்கி எறியப்படுவான். அதைக் கழற்றுவது வயர்மேனின் வேலை.

3. ப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றுதல். உரிய கம்பி எரிந்து அறுவது மோட்டாரையும் வயரையும் காப்பதற்காகவே. தடித்த கம்பியினால் ப்யூஸ் பிழைக்கும்; கொட்டகை எரியும்.

4. நீர்மூழ்கி மோட்டாரை அதன் கேபிளைப் பிடித்து இழுத்தல், ஒட்டுப்போட்ட கேபிளை வரப்பின் மேல் கிடத்துதல். கேபிளின் தோல் உராய்ந்து, கிணற்று நீரிலும் நடவு வயலிலும் மின்சாரம் கசியும். மோட்டார் ஓடும்போது கிணற்றில் இறங்கலாகாது.

5. மின்கம்பத்திலும் அதன் ஸ்டே கம்பியிலும் மாடு கட்டுதல், துணி காயக் கொடி கட்டுதல்.

மேலே செல்லும் கம்பியும், வேலியில் விடும் கம்பியும்

2022-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மேலே சென்ற உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். வயலிலும் இதே அபாயம் உண்டு. ஆழ்துளைக் கிணற்றினின்று நீண்ட இரும்புக் குழாயை நிமிர்த்தி எடுக்கும்போதும், தோப்பில் அலுமினியத் துரட்டியால் தேங்காய் பறிக்கும்போதும், அறுவடை இயந்திரம் வரப்பேறும்போதும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பி அருகிலிருந்தால் மின்வாரிய அலுவலகத்திற்குச் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலை செய்ய வேண்டும்.

பன்றிக்கும் மயிலுக்கும் அஞ்சி வேலியில் நேராக மின்சாரம் விடுவது சட்டவிரோதம், கொலைக்கும் ஒப்பானது. 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் தருமபுரி ஜில்லா மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் 3 யானைகள் மடிந்தன. யானையைச் சாய்க்கும் வேலி, இருட்டில் மடை பார்க்க வரும் அண்டை நிலத்தானை விடுமோ?

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் பற்றியவனைக் காப்பாற்ற ஓடிச் சென்று கையால் இழுப்பவனும் உடன் மடிவதுண்டு. தகப்பனைப் பிடித்த மகனும் அவனைப் பிடித்த தாயும் ஒருங்கே மாளக்கூடும். ஆகையால் முதற்காரியம் மெயினை நிறுத்துதல். அது இயலாவிடில், உலர்ந்த பலகையின்மேலோ உலர்ந்த சாக்கின்மேலோ நின்று, உலர்ந்த மூங்கிற் கழியால் கம்பியை விலக்க வேண்டும். இது வீட்டு, பம்புசெட்டு மின்சாரத்திற்கே பொருந்தும். உயரழுத்தக் கம்பி அறுந்து கிடந்தால் எந்தக் கழியும் உதவாது. 10 மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, மின்வாரியத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

விடுவித்தபின் 108-க்குச் சொல்லி அனுப்புக. மூச்சும் அசைவும் இல்லாதிருந்தால் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி, மறுகையை அதன்மேல் வைத்து, நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் அளவு அமிழுமாறு அழுத்த வேண்டும். பயின்றவர்கள் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயால் மூச்சு ஊதலாம். பயிலாதவர்கள் அழுத்தினாலே போதும். களைத்தால் ஆள் மாற்றிக்கொண்டு, வைத்தியர் வரும்வரை நிறுத்தாமற் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வது அவசியம். உள்ளே இருதயம் பாதிக்கப்பட்டிருப்பது வெளியே தெரியாது.

சங்கம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவை ஒருவனுக்குச் சிரமம், பலருக்குச் சுலபம். தனியே ஒரு வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சிறு குடியானவன் தயங்குவான். சங்க அங்கத்தினர் அனைவரும் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்திற்குள், உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு எல்லாக் கொட்டகைகளையும் சோதிப்பிக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கசிவுக் காப்புச் சாதனங்களை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், போலிச் சரக்கும் வாராது. ஒவ்வொரு கிணற்றுக்கும் எர்த்தின் நிலை, ப்யூஸின் அளவு, கேபிளின் நிலை, சோதித்த தேதி ஆகியவற்றை ஒரு புஸ்தகத்தில் எழுதி வைக்கலாம். வாலிபர்கள் சிலருக்கு நெஞ்சழுத்தும் முறையைப் பயிற்றுவிக்கலாம். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதற்கென ஒரு தீர்மானம் செய்வது கடினமன்று.

1904-ஆம் வருஷம் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டு, அவ்வருஷமே திருவள்ளூரையடுத்த திரூரில் கடன் சங்கம் பதிவான காலந்தொட்டு, ஒருவர் கடனுக்கு மற்றொருவர் ஜாமீன் நிற்பதே இவ்வியக்கத்தின் உயிர்நாடி. கடன் வாங்கியவன் மோட்டார்க் கொட்டகையில் மாண்டால், விதவைக்குத் துயரமும், பிள்ளைகளுக்குக் கடனும், ஜாமீன்தாரருக்குப் பொறுப்பும் மிஞ்சும். அவனுடைய எர்த்துக் குழியில் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று ஒருநாள் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. கடனுக்கு ஜாமீன் நிற்கும் அங்கத்தினர்கள் ஒருவர் உயிருக்கு ஒருவரும் ஜாமீன் நிற்பார்களாக.